எதிரே வருகிறவர் என்ன செய்யப் போகிறார்? கோவை ரோடுகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் வகுப்போடு முடிந்துவிடும். லைசென்ஸ் வாங்கித் தனியாக வண்டி எடுத்த பிறகுதான் போன் வர ஆரம்பிக்கும். அப்போது யாரும் தங்கள் வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. மற்றவர்கள் ஓட்டுகிற விதத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவை டூ வீலர்காரர்களுக்கும் பொருந்தும்.

மோசமா ஓட்டறவங்களைத் தூரத்துல இருந்தே கண்டுபிடிக்க முடியுமா? வேகமாப் போறவங்கதானே?

வேகமாகப் போகிறவர் கண்ணில் படுவார், அதனால் ஒதுங்கிக்கொள்வோம். கண்ணில் படாமல் மாட்டிவிடுகிறவர், மெதுவாகப் போனாலும் ரோட்டில் கவனம் இல்லாதவர்தான். அதனால் எதிராளியின் கவனம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அதற்கு அடையாளங்கள் உண்டு. 40-ல் போய்க்கொண்டிருந்தவர் காரணமில்லாமல் 25-க்கு இறங்கி மறுபடி 50-க்கு ஏறினால், கையில் போன் இருக்கிறது. பச்சை விழுந்து பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்த பிறகு துள்ளிக் கிளம்பினாலும் அதே கதை. ஹெல்மெட் ஒரு தோள்பக்கம் சாய்ந்திருந்தால் போன் அந்தக் காதில் செருகியிருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவரால் முடியாது. நான் அதிகம் நம்புவது கண்ணாடியைத்தான். பக்கவாட்டுக் கண்ணாடி மடங்கிய நிலையிலேயே ஓடும் கார், கண்ணாடியைக் கழற்றிவிட்ட பைக், தன் முகம் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிற ஸ்கூட்டர் — இவர்களுக்குப் பின்னால் ஒரு உலகம் இருப்பதே தெரியாது.

இண்டிகேட்டர் போட்டா நம்பலாமா?

பாதி நம்பலாம். ரெண்டு தெரு முன்னாடி திரும்பியபோது போட்டதை அணைக்காமலே போகிற ஸ்கூட்டர்கள் ஏராளம். இண்டிகேட்டரே போடாமல் திரும்புகிறவர்கள் அதைவிட அதிகம்.

முன் சக்கரத்தைப் பாருங்கள். நிற்கிற காரோ ஆட்டோவோ நகர்வதற்கு முன்னால் சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். ஓடுகிற பைக்கில் ஹெல்மெட்டைப் பாருங்கள். வலது பக்கம் திரும்பப் போகிறவர் ஒரு முறையாவது தலையை அந்தப் பக்கம் அசைப்பார். வேகமும் குறைந்து தலையும் திரும்பினால், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அவர் திரும்பப் போகிறார்.

முன்னாடி வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடணும்? விட்டா நடுவுல ஒருத்தன் பூந்துடறானே!

60-ல் போகும்போது வண்டி ஒரு நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நீங்கள் பார்த்து, காலை எடுத்து, பிரேக்கில் வைப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். முன் வண்டி ஒரு கரண்ட் கம்பத்தைத் தாண்டும்போது மனதுக்குள் "ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு" என்று சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் இன்னொரு நொடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் புகுகிறவர் புகட்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் இடைவெளி மறுபடி வந்துவிடும். ஹோப் காலேஜிலிருந்து லட்சுமி மில்ஸ் போவதற்குள் நாலு பேர் புகுந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகாது. புகுந்தவரே அடுத்த நெரிசலில் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

ஆட்டோ எப்ப ஒடிப்பார்னே தெரியமாட்டேங்குது. அவருக்கு மட்டும் தெரியுமா?

அவருக்கும் கடைசி நொடியில்தான் தெரியும். ஏனென்றால் முடிவு ரோட்டோரத்தில் நிற்கிற சவாரியின் கையில் இருக்கிறது. அதனால் ஆட்டோவைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். பையோடு ஒருவர் ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறார், முன்னால் போகிற ஆட்டோ காலி என்றால், அது இடது பக்கம் ஒடியும் என்றே வைத்துக்கொண்டு காலை பிரேக் மேல் வையுங்கள்.

சவாரியோடு போகிற ஆட்டோ பெரும்பாலும் நேராகப் போகும். ஷேர் ஆட்டோவுக்கு இது பொருந்தாது. உட்கார ஒரு இடம் மிச்சம் இருக்கும்வரை அதைக் காலி ஆட்டோவாகவே கணக்கு வையுங்கள்.

பிரைவேட் பஸ் பின்னாடி வந்து ஏர் ஹாரன் அடிச்சா கை நடுங்குது. என்ன பண்றதுங்க?

முதலில், அவர் ஏன் பறக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகிற பஸ்ஸுக்கு பர்மிட்டிலேயே டைமிங் உண்டு. சில நிமிடம் முன்னால் ஒரு பஸ், சில நிமிடம் பின்னால் ஒரு பஸ். வசூலைப் பொறுத்துத்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் படி. முன்னால் போன பஸ் ஸ்டாப்பைத் துடைத்துவிட்டுப் போனால் இவருக்கு ஆள் இல்லை. உங்கள் மேல் அவருக்குக் கோபம் எதுவும் கிடையாது; நீங்கள் அவர் கண்ணில் ஒரு தடை, அவ்வளவுதான். ஏர் ஹாரன் சட்டப்படி கூடாதுதான். அந்த நேரத்தில் அது உங்களுக்கு உதவாது.

ஹாரன் சத்தத்துக்குப் பயந்து சட்டென்று ஓர மண்ணில் இறங்காதீர்கள். தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் டூ வீலர் சாய்ந்தால் விழுவது பஸ் சக்கரத்துப் பக்கம். இடது இண்டிகேட்டர் போட்டு, நிதானமாக ஒதுங்கி வழி விடுங்கள்.

ஆபத்து அவர் தாண்டிய பிறகுதான் வரும். தாண்டியவுடன் அடுத்த ஸ்டாப்புக்காக உங்கள் முன்னால் இடது பக்கம் ஒடித்து நிற்பார். கண்டக்டர் பின் படியில் இறங்கி நின்று கையை வெளியே நீட்டினால் பஸ் ஓரம் கட்டப் போகிறது. டூ வீலரில் போனால் விசிலே கேட்கும்: ஒற்றை விசில் நிற்க, ரெட்டை விசில் கிளம்ப. நிற்கிற பஸ்ஸின் இடது பக்கம் புகவே புகாதீர்கள், அங்கேதான் ஆள் இறங்குவார்கள். வலது பக்கம் தாண்டினாலும் பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து ரோட்டைக் கடக்க ஒருவர் ஓடி வருவார் என்று எதிர்பார்த்துத் தாண்டுங்கள்.

பொள்ளாச்சி ரோட்டுல டிப்பர், தேங்காய் மட்டை லாரி, குட்டியானை… இதுல எதுக்கு ரொம்பப் பயப்படணும்?

காலி டிப்பருக்கு. லோடு ஏற்றியது முக்கி முனகித்தான் போகும். எம்-சாண்டைக் கொட்டிவிட்டுத் திரும்புகிற டிப்பர், அடுத்த டிரிப்புக்கு ஓடுகிறது. டிரிப் கணக்கில் சம்பளம் என்றால் கேட்கவே வேண்டாம். பின்கதவு தடதடவென்று ஆடுகிற சத்தம் கேட்டால் வழி விட்டுவிடுங்கள்.

லாரியில் ஒரு விதி உண்டு: அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. முன்பக்க இடது கதவை ஒட்டிய இடம்தான் மிக மோசம். அங்கே ஒரு ஸ்கூட்டரே மறைந்துவிடும். மட்டை லாரியில் லோடு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்பதால் டிரைவருக்குக் கண்ணாடி இருந்தும் பயனில்லை. நீள லாரி இடது பக்கம் திரும்ப, முதலில் வலது பக்கம் விரித்து எடுக்கும். "வலது பக்கம் போகுது, இடது பக்கம் காலியா இருக்கு" என்று அந்தச் சந்தில் நுழைந்தால், திரும்புகிற பின் சக்கரத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். குட்டியானையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிராமல் இரண்டு மடங்கு தள்ளிப் போங்கள்.

லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டா "தாண்டிப் போ"ன்னு அர்த்தமா, "நான் திரும்பறேன்"னு அர்த்தமா?

இரண்டு அர்த்தத்திலும் போடுகிறார்கள், அதுதான் சிக்கல். தாண்டச் சொல்லி ஒரு டிரைவர் இடது இண்டிகேட்டர் போடுவார், இன்னொருவர் வலது போடுவார், மூன்றாவது ஆள் கையை ஆட்டுவார். சட்டத்தில் வலது இண்டிகேட்டருக்கு ஒரே அர்த்தம்தான்: வண்டி வலது பக்கம் வருகிறது.

அதனால் யார் சைகை காட்டினாலும், எதிர்ரோடு உங்கள் கண்ணுக்கே தெரிந்தால் மட்டும் தாண்டுங்கள். நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் பல ஆண்டுகளாக நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையாகவே இருந்து பெயர் கெட்டுப்போனது, இப்படி அடுத்தவரை நம்பி வெளியே எட்டிப் பார்த்தவர்களால்தான். லாரியை ஒட்டிப் போகாமல் பின்தங்கினால் எதிர்ரோடு தானாகவே தெரியும்.

எதிர்ல வர்ற கார் ஹெட்லைட் அடிச்சா, "நீங்க போங்க"ன்னுதானே?

இல்லை. நம் ஊரில் அது "நான் வர்றேன், நில்லு" என்பதற்கான சைகை. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் இதில் ஏமாறுவதை நிறையப் பார்க்கிறேன். லைட் அடிக்கிறவர் வேகத்தைக் குறைக்க மாட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மூக்கு கீழே அமுங்கி, வேகம் நிஜமாகவே குறைந்தால் மட்டும் வழி விடுகிறார் என்று நம்பலாம்.

நாலு ரோட்டுல நேரா போகணும்னா டபுள் இண்டிகேட்டர் போடணும்னு எங்க மாமா சொன்னாருங்க…

மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் இடது பக்கத்து ரோட்டில் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அவர் பக்கம் திரும்பப் போவதாக நினைத்து அவர் கிளம்பிவிடுவார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம். வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்குத்தான் டபுள் இண்டிகேட்டர். மழையில் போட்டுக்கொண்டே ஓடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: நீங்கள் திரும்பப் போவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சிக்னலை எடுத்துட்டு யூ டர்ன் வச்சதுல இருந்து எனக்கு பயமா இருக்கு. யார் எங்கிருந்து வர்றாங்கன்னே புரியலை.

கோவையில் ஏகப்பட்ட சிக்னல்களை எடுத்து, நடுவில் அடைத்து, கொஞ்ச தூரம் தள்ளி யூ டர்ன் விட்டிருக்கிறார்கள். நிற்காமல் போகலாம் என்பது நிஜம். ஆனால் இடது பக்கத்து ரோட்டிலிருந்து வெளியே வந்து எதிர்த்திசையில் போக வேண்டியவர், யூ டர்ன் வருவதற்குள் முழு ரோட்டையும் குறுக்கே வெட்டி வலது ஓரத்துக்குப் போயாக வேண்டும். அவர் பார்வை முழுக்க அந்த யூ டர்ன் இடைவெளி மேலேயே இருக்கும். பக்கத்தில் வருகிற நீங்கள் அவருக்குத் தெரிய மாட்டீர்கள்.

அதனால் யூ டர்ன் போர்டு தெரிந்தவுடனேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், யாருக்கும் பக்கவாட்டில் ஜோடியாகப் போகாதீர்கள். நடுத்தடுப்பை உரசிப் போகிற வழக்கம் இருந்தால் அந்த இடத்திலாவது விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்புகிற காரின் மூக்கு முதலில் நீட்டுவது அங்கேதான். அந்தக் காரின் மறைவில் நாலைந்து டூ வீலர்கள் நிற்கும். கார் நகர்ந்தால் அத்தனையும் சேர்ந்தே நகரும், கார் நின்றாலும் அதில் ஒன்று துணிந்து வெளியே வரும்.

பஸ்ஸும் லாரியும் யூ டர்ன் எடுப்பது தனி ரகம். வட்டம் போதாது என்பதால் முதலில் இடது பக்கம் ஒதுங்கி, அப்புறம் மொத்த ரோட்டையும் அடைத்துத் திரும்பும். யூ டர்னுக்குப் பக்கத்தில் ஒரு நீள வண்டி காரணமில்லாமல் இடது பக்கம் ஒதுங்கினால் அது உங்களுக்கு வழி விடவில்லை.

ராங் சைடுல வர்றவங்களுக்கு எந்தப் பக்கம் ஒதுங்கணும்?

எந்தப் பக்கமும் ஒதுங்க வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். யூ டர்ன் தூரம் என்பதால் ஓரமாகவே எதிர்த்து வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர் வருவது உங்கள் இடது ஓரத்தை ஒட்டி. பதறி இடது பக்கம் ஒதுக்கினால் நேராக அவர் மேல்தான் போவீர்கள். உங்கள் கோட்டிலேயே மெதுவாகப் போங்கள், ஓரத்தை அவருக்கு விட்டுவிடுங்கள்.

சின்ன ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்பும்போது எல்லோரும் வலது பக்கம் மட்டும் பார்ப்பார்கள். இடது பக்கமும் ஒரு முறை பாருங்கள், அங்கிருந்துதான் இவர் வருவார். 2019 சட்டத் திருத்தத்தில் இது ஆபத்தான ஓட்டுதல் என்ற பிரிவுக்குள் வந்துவிட்டது. அவரிடம் அதை விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

வண்டி நம்பரைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாமா? பொம்பளைங்க ஓட்டினா தள்ளிப் போகணும்னு சொல்றாங்களே?

நம்பர் ஒரு விஷயம் சொல்லும்: ரோடு இவருக்குப் பழக்கமா இல்லையா என்று. டிஎன் 37, 38, 66, 99 எல்லாம் கோவை, 41 பொள்ளாச்சி. வெளி மாவட்ட நம்பரோ கேரள நம்பரோ பிரிவு ரோட்டுக்குப் பக்கத்தில் தயங்கினால், வழி தேடுகிறார். திடீரென்று பிரேக் அடிப்பார். மஞ்சள் போர்டு கார் ஓரத்தில் மெதுவாகப் போனால் லொக்கேஷன் பார்க்கிறார். எல் போர்டு என்றால் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும் என்று ஒரு வண்டி நீளம் விட்டு நில்லுங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தால் கற்றுக்கொள்கிறவருக்கு வண்டி ஆஃப் ஆவது நிச்சயம்.

பெண்கள் விஷயம் சுத்தப் பேச்சு. என்னிடம் கற்றவர்களில் கண்ணாடி பார்க்கிற பழக்கம் அவர்களுக்குத்தான் சீக்கிரம் வருகிறது. மெதுவாகப் போவதை மோசமாக ஓட்டுவதாக எண்ணுகிறவர்கள் கிளப்பிவிட்டது இது.

ராத்திரி ஓட்டறதுக்கு ஏதாவது தனியா இருக்கா?

எதிரே ஒற்றை விளக்கு வந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள். வலது பக்க விளக்கு எரியாத வேனாகவும் இருக்கலாம். அதன் உடம்பு நீங்கள் நினைத்ததைவிட உங்கள் பக்கம் நீண்டிருக்கும். ஹை பீமில் வருகிறவரோடு போட்டிக்கு நாமும் ஹை பீம் போட்டால் இரண்டு பேரும் குருடாவதுதான் மிச்சம். ஒரு முறை டிப் அடித்துக் காட்டுங்கள். குறைக்கவில்லையென்றால் பார்வையை ரோட்டின் இடது ஓர வெள்ளைக்கோட்டுக்கு மாற்றி, மெதுவாகத் தாண்டுங்கள்.

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடும். அதற்கு அடுத்த அரைமணி நேரம் அந்தப் பக்கத்து ரோடுகளைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை தூக்கத்தின் நேரம். முன்னால் போகிற வண்டி மெல்ல மெல்ல ஓரக்கோட்டைத் தொட்டு, பிறகு வெடுக்கென்று நடுவுக்கு வந்தால் டிரைவர் கண் அயர்ந்து விழித்திருக்கிறார். அது மறுபடியும் நடக்கும். தாண்டும்போது தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டுங்கள், இல்லையென்றால் பின்தங்கிவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ரோட்டுல?

குறுகலான இடத்தில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. பல டூரிஸ்ட்டுகளுக்கு இது தெரியாது, இறங்கும்போது நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. முன்னால் இறங்குகிற காரின் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்து கருகிய வாடையும் வந்தால், அவர் கியரில் இறங்கவில்லை. அவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு வளைவாவது விட்டுவிடுங்கள்.

பின்னாடி ஒருத்தர் ஒட்டிக்கிட்டே வந்தா பிரேக் அடிச்சுக் காட்டலாமா?

கூடாது. அவர் இடித்தால் சேதம் உங்கள் வண்டிக்கும்தான். முன்னால் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். அப்போதுதான் நீங்கள் திடீர் பிரேக் அடிக்கத் தேவை வராது, அவரும் இடிக்க மாட்டார். இடம் கிடைத்ததும் இடது பக்கம் ஒதுங்கி அவரை முன்னால் விடுங்கள். பின்னால் இருப்பவரை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, முன்னால் போனவரிடமிருந்து தள்ளிப் போக முடியும்.

குடிச்சிட்டுத்தான் ஓட்டறான்னு நல்லாத் தெரியுது. துரத்திப் பிடிக்கலாமா?

துரத்தினால் அவர் இன்னும் வேகமாக ஓட்டுவார். பின்தங்கி, வண்டி நம்பர், நிறம், போகிற திசை மூன்றையும் பக்கத்தில் இருப்பவரை விட்டு 100-க்குச் சொல்லச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள். நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்; முதல் முறையே ஆறு மாதம்வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு.

லேசா உரசிட்டு நம்மகிட்டயே சண்டைக்கு வந்தா?

கண்ணாடியை முழுக்க இறக்காதீர்கள், நடுரோட்டில் இறங்காதீர்கள். யாருக்கும் அடி இல்லையென்றால் போட்டோ எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வாருங்கள். கூட்டம் கூடினால் "ஸ்டேஷன்ல பேசிக்கலாங்க" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அதற்குமேல் பேசினால் வார்த்தை தடிக்கும்.

அடி பட்டிருந்தால் கதை வேறு. முதலில் 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிற "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அடிபட்டது நீங்களாக இல்லாமல், வழியில் பார்த்து உதவியவராக இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லக்கூட போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது, சட்டம் அதற்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது.

பையனுக்கு 16 ஆச்சு. டியூஷனுக்குப் பக்கம்தானே, ஸ்கூட்டர் கொடுக்கலாமா?

16 வயதில் 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். உங்கள் வீட்டில் நிற்பது அநேகமாக 110 அல்லது 125 சிசி. மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. சட்டத்தை விடுங்கள்; இந்தப் பக்கத்தில் இதுவரை சொன்ன எதுவும் தெரியாமல் ரோட்டில் இறங்குகிறவன் அவன். அடுத்தவர் பார்வையில் மோசமான டிரைவர் அவன்தான்.

கடைசியா ஒண்ணு கேக்கணும் சார். எங்க வீட்டுக்காரரே மோசமாத்தான் ஓட்டறார். அவர்கிட்ட இருந்து எப்படித் தப்பிக்கிறது?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஓடுகிற வண்டியில் "ஏங்க, பாத்து!" என்று கத்தாதீர்கள். கத்தினால் அவர் ரோட்டை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பார். அவர் செய்ததைச் சொல்லாமல் உங்கள் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "இடது பக்கம் ஸ்கூட்டர் வருது", "முன்னாடி பஸ் நிக்குது". கிளம்பும்போதே போனை வாங்கி உங்கள் பையில் போட்டுவிட்டு, யார் கூப்பிட்டாலும் நானே பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முகூர்த்தத்துக்கு லேட்டாகக் கிளம்பினால் எப்பேர்ப்பட்ட பொறுமைசாலியும் பறக்கத்தான் செய்வார், அதனால் அரைமணி முன்னாலேயே வீட்டைப் பூட்டுங்கள்.

அப்புறம், உங்களிடமும் லைசென்ஸ் இருக்கிறது, வாங்கிக்கொடுத்ததே நான்தான். கிணத்துக்கடவில் டீக்கு நிறுத்தும்போது சாவியைக் கேளுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால், போகும்போது அவர், வரும்போது நீங்கள் என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கும் தூக்கம் வருமே.